நித்தியகல்யாணி தந்த மருந்தும் பிஞ்சுக் கால்களும்

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய். இரண்டு தலைமுறைக்கு முன்னர் அந்நோயின் பெயரைக் கேட்ட பெற்றோர் நம்பிக்கையிழந்தனர். இன்று நிலைமை வேறு. வளர்ந்த நாடுகளில் லுகேமியாவின் மிகப் பரவலான வகையால் தாக்குண்ட குழந்தைகளில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கின்றனர். நம் நாட்டிலும் 1980களில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ், சென்னை அடையாறு புற்றுநோய் மையம் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றத் தொடங்கிய பிறகு, பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. பெங்களூரில் ஓசூர் சாலைப் பக்கம் 1973 முதல் இயங்கிவரும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மையத்துக்குக் கர்நாடகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லை தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன.

இச்சிகிச்சையின் தூண்களுள் ஒன்று வின்கிரிஸ்டின் என்னும் ஊசிமருந்து. பல குழந்தைகளின் உயிரைக் காக்கும் இதே மருந்து, அவர்களது கை கால் நரம்புகளைத் தளர்த்தவும் செய்கிறது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தடுக்கி விழுகிறது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அழுகிறது. வீட்டார் அதனைச் சோர்வென்றோ பிடிவாதமென்றோ எண்ணிவிடுவதும், மாறாக அஞ்சி அடுத்த ஊசிக்கே அழைத்துச் செல்லாமல் விடுவதும் நேர்கின்றன. இரண்டுமே குழந்தைக்குக் கேடு. இந்த நரம்புத் தளர்ச்சி ஏன் வருகிறது, வீட்டில் அதனை எவ்வாறு கண்டுகொள்வது, கண்டபின் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

செடியிலிருந்து ஊசிக்கு

நம் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதவர் இலர். சுடுகாட்டு மல்லி என்றும் அதனை அழைப்பதுண்டு. மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட அச்செடி இன்று வெப்பநாடுகள் எங்கும் பரவியிருக்கிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலங்களில் மருந்துக்கென்றே பயிரிட்டு, அதன் இலையையும் வேரையும் விற்கின்றனர்.

பல நாடுகளில் நீரிழிவுக்கு நாட்டு மருந்தாக அதன் இலைக் கஷாயம் வழங்கிவந்தது. 1950களில் ஜமைக்காவிலிருந்து வந்த இலைகளைக் கனடா நாட்டு ஆய்வாளர் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் வெள்ளையணுக்கள் பெருமளவில் குறைந்தன. வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே லுகேமியா ஆதலால், இதன் பொருள் ஆய்வாளர்களுக்குப் புலப்பட்டது. நோபிளும் சார்லஸ் பியர் என்பாரும் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினைத் தந்தன. 1963இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி அளித்தது. அன்று முதல் இன்று வரை குழந்தைகளின் லுகேமியா சிகிச்சையில் அம்மருந்துக்கு இடமுண்டு. சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டி, நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய்கள், சிலவகை மூளைக் கட்டிகள் ஆகியவற்றுக்கும் அது பயன்படுகிறது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது என்பதை அறிந்து, அதன் இலையை அரைத்தோ காய்ச்சியோ குழந்தைக்குக் கொடுத்தல் கூடாது. செடியில் நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் பல உள. வின்கிரிஸ்டின் அதில் மிக மிகச் சிறிய அளவே இருக்கிறது. அதனைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, குழந்தையின் உடற்பரப்புக்கேற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும்போதுதான் அது மருந்தாகிறது.

நன்மையும் தீமையும் ஒரே வழியில்

உயிரணு ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்குழாய்கள் எனப்படும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு அவ்விழைகள் உருவாகின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளைச் சரிபாதியாக இருபுறமும் இழுத்துச் செல்வன இவ்விழைகளே. வின்கிரிஸ்டின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு, இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. ஓயாது பிரிந்து பெருகும் புற்றணு பாதியிலேயே நின்று மடிகிறது.

நரம்பணுக்கள் இவ்வாறு பிரிந்து பெருகுவதில்லை. ஆயினும் நுண்குழாய்கள் அவற்றுக்கு வேறொரு காரணத்தால் உயிர்நாடியாக விளங்குகின்றன. காலுக்குச் செல்லும் நரம்பின் உயிரணு முதுகுத்தண்டில் அல்லது அதனையொட்டி இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஒற்றை இழை, தொடையையும் முழங்காலையும் கடந்து கால்விரல் நுனிவரை நீள்கிறது. அவ்விழைக்கு வேண்டிய ஊட்டப் பொருள்கள் உயிரணுவில் உருவாகி, நுண்குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்டு விரல்நுனி வரை பயணம் செய்ய வேண்டும். வின்கிரிஸ்டின் அத்தண்டவாளத்தைக் குலைக்கிறது. கடைக்கோடி நிலையத்துக்குச் சரக்கு வந்து சேராதபோது, அங்குள்ள நரம்பு நுனி வாடத் தொடங்குகிறது.

மிக நீண்ட நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவது இதனாலேயே. தளர்ச்சி பெரும்பாலும் பாதங்களில் தொடங்கும்; பின்னர் விரல்நுனிகளுக்கு வரும்; இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஒரே ஒரு கால் மட்டும் திடீரெனச் செயலிழந்தால், அல்லது முகத்தின் ஒருபுறமோ உடலின் ஒருபுறமோ தளர்ந்தால், அதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புற்றணுவை அழிக்கும் செயலும் நரம்பை வாட்டும் செயலும் ஒன்றேயாதலால், தீமையை மட்டும் நீக்கி நன்மையை வைத்துக்கொள்ளும் எளிய வழி இதுகாறும் கிட்டவில்லை. இத்தளர்ச்சியை வராமல் தடுக்கும் என்று ஐயமற நிறுவப்பட்ட மருந்தும் இல்லை. சத்து மாத்திரைகளும் நரம்பு ஊக்கிகளும் இதற்கென்று விற்கப்படுவதைக் காண்கிறோம். பெரியவர்களிடம் வேறொரு வகைப் புற்றுநோய் மருந்துடன் சோதிக்கப்பட்ட அசிட்டைல் கார்னிடின் என்னும் சத்துப்பொருள், நரம்புத் தளர்ச்சியை மிகுவிக்கவே செய்தது. ஆகவே மருத்துவர் எழுதித் தராத எதனையும் நாமாக வாங்கிக் கொடுப்பது தவறு.

வீட்டில் காணத்தக்க அடையாளங்கள்

சிகிச்சையின் முதல் மாதத்தில் வின்கிரிஸ்டின் பொதுவாக வாரம் ஒருமுறை நரம்புவழி ஊசியாகச் செலுத்தப்படும். பிற்பகுதிகளில் இடைவெளி கூடும். முழுச் சிகிச்சையும் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். முதற் சில வாரங்களிலேயே மருத்துவர் கணுக்காலைச் சிறு சுத்தியலால் தட்டும்போது துள்ளல் இல்லாமற்போவதைக் காண்பார். இம்மருந்து பெறும் குழந்தைகளில் மிகப் பலருக்கு இது நேர்கிறது. இதனால் மட்டும் அன்றாட வாழ்வில் தொல்லையில்லை. அடுத்த படியிலுள்ள மாற்றங்களை மருத்துவரைவிட வீட்டாரே முன்னதாகக் காண இயலும். சிறு குழந்தைகளுக்குத் தங்கள் உணர்வைச் சொல்லத் தெரியாது. அவர்களது நடத்தையே பேசும்.

நடக்கப் பழகிய குழந்தை மீண்டும் தவழும். தூக்கச் சொல்லிக் கை நீட்டும். சற்றுப் பெரிய பிள்ளை மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இறுகப் பற்றும். தரையில் அமர்ந்து எழும்போது கையை ஊன்றும். குந்தி அமரத் தயங்கும். செருப்பு காலிலிருந்து நழுவியது தெரியாமலேயே நடந்து செல்லும். சமதளத்திலும் கால்விரல் தரையில் உரசித் தடுக்கும். அதைத் தவிர்க்க முழங்காலை உயர்த்தி, பாதத்தைத் 'தொப்'பென வைத்து நடக்கும். பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும் தசை தளர்ந்து பாதம் தொங்கிப்போவதே இதற்குக் காரணம். இதனைப் பாதத் தொய்வு என்பர்.

கைகளில் வரும் தளர்ச்சி நுண்ணியது. பொத்தான் போடுதல், பென்சில் பிடித்தல், டிபன் பாக்ஸ் மூடியைத் திறத்தல், சோற்றைப் பிசைந்து உருட்டுதல் ஆகியவை தாமதமாகும். கையெழுத்து மாறும். வளர்ந்த பிள்ளைகள் பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, எரிகிறது, பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்பர். போர்வை பட்டாலே வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையும் உண்டு.

வீட்டிலேயே விளையாட்டாகச் செய்து பார்க்கத்தக்க இரண்டு சோதனைகள் உள. குழந்தையைக் குதிகாலால் மட்டும் பத்தடி நடக்கச் சொல்லலாம். பாதத்தைத் தூக்க முடியாத குழந்தையால் அது இயலாது. மற்றொன்று, நம் பிள்ளைகள் பாண்டி ஆடும்போது செய்வதுபோல ஒற்றைக்காலில் சிறிது நேரம் நிற்கச் சொல்லுதல். விழாதபடி அருகிலேயே கை நீட்டி நிற்க வேண்டும். தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் விழுந்தால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடுமாதலால் குதிக்கச் சொல்லுதல் கூடாது. வாரம் ஒருமுறை இவ்வாறு பார்த்துத் தேதியுடன் குறித்து வைத்தால், மாற்றம் எப்போது தொடங்கியது என்பது மருத்துவருக்குத் தெளிவாகும்.

கை கால் அல்லாத இடங்களில்

தளர்ச்சி குடலின் நரம்புகளையும் தொடும். வின்கிரிஸ்டின் பெற்ற சில நாள்களில் மலச்சிக்கலும் வயிற்று வலியும் தோன்றுவது இதனால்தான். நீர் மிகுதியாகக் குடித்தலும் மருத்துவர் தரும் மலமிளக்கியைத் தவறாமல் கொடுத்தலும் வேண்டும். மலம் வரவில்லையென்று ஆசனவாய் வழியே எனிமாவோ மாத்திரையோ நாமாக வைத்தல் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்த குழந்தைக்கு அவ்விடத்தில் ஏற்படும் சிறு கீறலும் கடும் தொற்றாக மாறக்கூடும். வயிறு உப்பி, வாந்தியும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்குத் தாடையில் கடும் வலி வரும், உண்ண மறுப்பர். பெற்றோர் பல்வலியென எண்ணுவதுண்டு. இவ்வலி பெரும்பாலும் சில நாள்களில் தானே அடங்கும். பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் காய்ச்சல் இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, மருத்துவரைக் கேட்டபின்னரே கொடுக்க வேண்டும். சிகிச்சையிலுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்பது தொற்றின் முதல் அறிகுறி. மாத்திரை அதனை மறைத்துவிடும்.

அரிதாகக் கண் இமை தொங்குதல், குரல் கம்முதல், நீர் குடிக்கும்போது புரையேறுதல் ஆகியவையும் நேரும். மூச்சு விடும்போது ஓசை வந்தாலோ மூச்சுத் திணறினாலோ குரல்நாண் தளர்ந்திருக்கக்கூடும். அது அவசர நிலை.

மற்றோர் ஆபத்து மருத்துவமனைகள் மிகுந்த கவனத்துடன் தவிர்ப்பது. வின்கிரிஸ்டின் இரத்தக் குழாய்க்குள் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். லுகேமியாக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு நீரிலும் வேறு மருந்து செலுத்தப்படுவதுண்டு. இரண்டும் தவறி மாறினால் உயிரிழப்பு நேரும். இதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரிக்கை விடுத்து, வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் எடுக்காமல் சிறு உப்புநீர்ப் பையில் கலந்து செலுத்துமாறு பரிந்துரைத்தது. மருந்து ஏறும்போது அந்த இடம் எரிகிறது, வீங்குகிறது என்று குழந்தை சொன்னால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். மருந்து குழாயைவிட்டுத் தசையில் கசிந்தால் அவ்விடம் புண்ணாகும்.

எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவா?

ஒரே அளவு மருந்து பெற்ற இரு குழந்தைகளில் ஒன்று ஓடியாடும். மற்றொன்று நடக்கத் தடுமாறும். காரணங்கள் பல. அவற்றுள் பெற்றோர் தாமே மருத்துவரிடம் சொல்லக்கூடியவை மூன்று.

முதலாவது, உடன் கொடுக்கப்படும் பிற மருந்துகள். வின்கிரிஸ்டினைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றுகிறது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் இட்ராகொனசோல், வோரிகொனசோல், பொசாகொனசோல் ஆகியவை அவ்வேலையைத் தடுக்கின்றன. அப்போது வின்கிரிஸ்டின் உடலில் நெடுநேரம் தங்கி, நரம்பைக் கடுமையாகத் தாக்கும். படர்தாமரை போன்ற தோல் தொற்றுக்கு ஊர் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் இட்ராகொனசோல் இருக்கலாம். வெளியில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் குழந்தை பெறும் கீமோதெரபி மருந்துகளின் பட்டியலைக் காட்டிய பின்னரே புதிய மருந்தைப் பெற வேண்டும். நாட்டு மருந்துக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, குடும்பத்தில் வழிவழி வரும் நரம்பு நோய். சார்கோ-மரீ-டூத் என்னும் பரம்பரை நரம்பு நோய் உள்ள குடும்பங்களில் பாதம் வளைந்து உயர்ந்திருக்கும். முழங்காலுக்குக் கீழ் தசை மெலிந்திருக்கும். அந்நோய் வெளிப்படாமல் உள்ள குழந்தை வின்கிரிஸ்டினின் ஓரிரு ஊசிகளிலேயே கை கால் வலுவை முற்றிலும் இழந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. "எங்கள் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குக் கால் இப்படித்தான்" என்ற ஒரு சொல், முதல் ஊசிக்கு முன்னர் சொல்லப்பட்டால், மருத்துவரின் முடிவையே மாற்றலாம்.

மூன்றாவது, ஊட்டநிலை. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், ஊட்டம் குன்றிய குழந்தைகளின் உடல் வின்கிரிஸ்டினை மெதுவாகவே வெளியேற்றுகிறது எனக் கண்டனர். நோயால் மெலிந்து வரும் குழந்தைகள் மிகுதியாக உள்ள நம் நாட்டில் இது கருதத்தக்கது. வைட்டமின் பி12 குறைபாடும் தானாகவே நரம்பைத் தளர்த்த வல்லது. குழந்தை பால், முட்டை, மீன், இறைச்சி எவையும் உண்பதில்லையெனில் அதனை மருத்துவரிடம் சொல்லுதல் நலம்.

மரபணுவுக்கும் பங்குண்டு. 2015இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிஇபி72 என்னும் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றமுள்ள குழந்தைகளுக்கு இத்தளர்ச்சி மிகுதி என்று வெளியிட்டனர். முன்கூட்டியே இரத்தம் சோதித்து ஒவ்வொரு குழந்தைக்கும் அளவை வகுப்பது எங்கும் வழக்கத்துக்கு வந்துவிடவில்லை. அதுவரை பெற்றோரின் கண்ணும் மருத்துவரின் பரிசோதனையுமே துணை.

ஊசியை நிறுத்திவிடலாமா?

நடக்க முடியாமல் தவிக்கும் பிள்ளையைக் காணும் எந்தத் தாய்க்கும் இக்கேள்வி எழும். இதற்கு விடையளிப்பது மருத்துவருக்கும் எளிதன்று. வின்கிரிஸ்டினைக் குறைத்தால் நரம்பு தேறும். ஆனால் ஒளிந்திருக்கும் புற்றணுக்கள் தப்பிப் பிழைக்கலாம். லுகேமியா மீண்டும் வந்தால் இரண்டாம் முறை குணமாக்குவது முதல்முறையைவிடக் கடினம், செலவும் பன்மடங்கு.

ஆகவே மருத்துவர்கள் தளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்துப் பார்க்கின்றனர். துள்ளல் மட்டும் இல்லாமலிருப்பது, சிறிது மதமதப்பு, தாங்கத்தக்க வலி ஆகிய நிலைகளில் பொதுவாக மருந்து முழு அளவில் தொடரும். குழந்தை தன் அன்றாடச் செயல்களையே செய்ய முடியாத அளவுக்குத் தளர்ந்தால் அளவைக் குறைப்பர். அல்லது ஓரிரு ஊசிகளைத் தள்ளிவைப்பர். நடையே நின்றால், குரல்நாண் தளர்ந்தால் நிறுத்திவைத்து, தேறியபின் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவர். நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்குவதும் திட்டத்தின் பகுதியே.

இம்முடிவு சரியாக அமைய மருத்துவருக்கு உண்மை நிலை தெரிய வேண்டும். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி மறைக்கும் பெற்றோர் உண்டு. மருத்துவர் கேட்கும்போது "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடும் பிள்ளைகளும் உண்டு. மறைத்ததனால் தளர்ச்சி முற்றிய பிறகு நெடுநாள் மருந்தையே நிறுத்த நேரும். தொடக்கத்திலேயே சொன்னால் சிறு மாற்றத்தோடு சிகிச்சை தொடரும். சொல்லாமலே வராமல் நின்றுவிடுதல் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. குழந்தையின் கால் தேறிக்கொண்டிருக்கும் அதே காலத்தில் நோய் திரும்பிக்கொண்டிருக்கலாம்.

ஐயம் மிகுந்தால், அல்லது படம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், நரம்பின் வழியே மின்தூண்டல் எவ்வளவு வலுவாகவும் வேகமாகவும் செல்கிறது என்பதை அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையைச் செய்யச் சொல்வர். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படாது. நடையைப் பார்த்தும் தசை வலுவைத் தொட்டும் மருத்துவர் அறிந்துகொள்வார். நரம்பு நோய்களுக்கெனப் புகழ்பெற்ற நிமான்ஸ் நிறுவனம் கித்வாய் மையத்துக்கு அண்டையிலேயே அமைந்திருப்பது பெங்களூருக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு.

தேறும் காலம்

நற்செய்தி யாதெனில், இத்தளர்ச்சி பெரும்பாலான குழந்தைகளுக்கு நிலைத்து நிற்பதில்லை. மருந்து நின்ற பின் நரம்பு நுனிகள் மீண்டும் வளர்கின்றன. அவ்வளர்ச்சி மிக மெதுவானது. வாரங்களில் அல்ல, மாதங்களில் கணக்கிட வேண்டியது. கடைசி ஊசிக்குப் பிறகும் சில வாரங்கள் தளர்ச்சி சற்று மிகுந்து பின்னரே குறையத் தொடங்குவதுண்டு. அதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. சிலருக்குச் சிறு மதமதப்போ கணுக்கால் வலுக்குறைவோ ஆண்டுக்கணக்கில் தங்கும்.

நரம்பு தேறும்வரை தசையும் மூட்டும் கெடாமல் காப்பது நம் கையில் உள்ளது. பாதம் தொங்கிய நிலையிலேயே விட்டால் குதிகால் தசைநார் சுருங்கி இறுகிவிடும். பின்னர் நரம்பு தேறினாலும் பாதம் நேராகாது. அறுவை வரை செல்ல நேரலாம். ஆதலால் நடையில் மாற்றம் தெரிந்தவுடனே பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்புமாறு கேட்க வேண்டும். காலை நீட்டி அமர்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டித் தன்பக்கம் மெல்ல இழுத்துப் பிடித்தல் எளிய பயிற்சி; எத்தனை நொடி, நாளுக்கு எத்தனை முறை என்பதை அவர் காட்டித் தருவார். பாதத்தைச் செங்கோணத்தில் தாங்கி நிற்கும் கணுக்கால் தாங்கியை அளவெடுத்துச் செய்து தருவர். காலணிக்குள்ளேயே அதனை அணியலாம். உணர்ச்சி குன்றிய காலில் அது அழுத்திப் புண்ணாக்குவது குழந்தைக்குத் தெரியாது. கழற்றும்போதெல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களில் அளவு மாறும்.

கைவிரல்களுக்கு வீட்டிலேயே நல்ல பயிற்சிகள் உள. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டுதல், பல்லாங்குழியில் சோழி அள்ளிப் போடுதல், மணி கோத்தல், துணிகளுக்குக் கிளிப் மாட்டுதல் ஆகியவை பயிற்சி என்னும் எண்ணமே இல்லாமல் விரல்களுக்கு வலுவூட்டும். கடுமையாக நரம்பு நீவுதல், சூட்டு ஒத்தடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தட்டணு குறைந்த உடலில் நீவினால் இரத்தம் கட்டும். மரத்த பாதத்தில் ஒத்தடம் கொடுத்தால் வெந்துபோவதுகூடக் குழந்தைக்குத் தெரியாது. பெங்களூரின் குளிர்காலத்தில் குளியல் வெந்நீரின் சூட்டைப் பெரியவர் தம் முழங்கையால் சோதித்த பின்னரே குழந்தையின்மீது ஊற்ற வேண்டும். இரவில் பாதங்களில் வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என நாள்தோறும் பார்த்தலும், வழுக்கும் ஹவாய்ச் செருப்புக்கு மாற்றாகக் குதிகாலைப் பற்றும் காலணி அணிவித்தலும் நன்று.

எரிவும் குத்தலும் மிகுந்து உறக்கம் கெட்டால் அதனைத் தணிக்க மருந்துகள் உண்டு. அவை எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. மருத்துவர் ஒன்றை முயன்று, பயனில்லையேல் மாற்றுவார். வலியைப் பொறுத்துக்கொள்ளப் பிள்ளையைப் பழக்க வேண்டியதில்லை.

பள்ளிக்குத் திரும்பும்போது

முடி வளர்ந்து, முகம் தெளிந்து, பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது எல்லோருக்கும் நோய் தீர்ந்ததாகவே தோன்றும். நரம்புத் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியாதாகையால், மெதுவாக எழுதும் பிள்ளை சோம்பேறியெனவும் விளையாட்டில் தடுக்கி விழும் பிள்ளை கவனமற்றதெனவும் கருதப்படும். தலைமையாசிரியரிடமும் வகுப்பாசிரியரிடமும் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து நிலைமையை விளக்குதல் வேண்டும். தரைத்தளத்தில் வகுப்பறை, எழுதக் கூடுதல் நேரம், எடை குறைந்த பை, வகுப்பு மாறும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்படும் அனுமதி, கயிறு கட்டும் ஷூவுக்கு மாற்றாக ஒட்டுப்பட்டை வைத்த ஷூ என்பன பள்ளிக்குச் செலவு வைக்காத உதவிகள். பொதுத்தேர்வு நெருங்கும் மாணவர்க்குக் கூடுதல் நேரம் வேண்டுமெனில், தேர்வு வாரியத்தின் விதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியிடம் கேட்டறிந்து சான்றுகளைப் பெற வேண்டும்.

செலவுக்கு வழி

நெடுங்காலச் சிகிச்சையில் பணம் தீர்ந்துபோவதால் இடையில் நின்றுவிடும் குடும்பங்கள் உள. ஆகவே கிடைக்கும் உதவிகளைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். கர்நாடகத்தில் ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகத் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள வறிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு உண்டு. தமிழகத்தவர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வேறு மாநிலத்தில் சிகிச்சை பெறுவோர், தம் அட்டை அங்கே செல்லுமா என்பதை மருத்துவமனையின் உதவி மையத்தில் முன்னதாகவே உறுதி செய்துகொள்வது நல்லது.

தனியார் காப்பீடு உடையோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். கீமோதெரபி ஒரு நாளில் முடிந்து வீடு திரும்புவதாயினும், பல பாலிசிகளில் அது பகல்நேரச் சிகிச்சையாக ஏற்கப்படும். மாறாக, வெளிநோயாளியாகச் சென்று பெறும் பிசியோதெரபியும் கணுக்கால் தாங்கியும் பல பாலிசிகளில் அடங்குவதில்லை. அதற்கெனக் கையில் தொகை ஒதுக்க வேண்டும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இந்திய ரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. மருத்துவமனை அதற்குரிய படிவத்தில் சான்று தரும். வருமானவரியில், பழைய வரிமுறையைத் தேர்ந்தோர் தம்மைச் சார்ந்த குழந்தையின் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு கோர இடமுண்டு. நிபுணரின் மருந்துச்சீட்டு அதற்குத் தேவை. பில்களையும் மருந்துச்சீட்டுகளையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்திருந்தால் இவை அனைத்துக்கும் பயன்படும்.

அக்கோப்பின் முன்பக்கத்தில் ஒரு குறிப்பேட்டையும் சேர்த்து வைக்கலாம். ஒவ்வோர் ஊசிக்கும் முன்னர் ஐந்து செய்திகளை அதில் எழுதினால் போதும்: இவ்வாரம் குழந்தை எத்தனை முறை விழுந்தது, குதிகாலில் நடந்ததா, பொத்தானைத் தானே போட்டதா, மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கழித்தது, புதிதாக என்ன மருந்து உட்கொண்டது. மருத்துவரின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்களில் இந்த ஐந்து வரிகளைப் படித்துக் காட்டினால், அடுத்த ஊசியின் அளவை முடிவு செய்ய அவருக்கு வேண்டிய செய்தி கிடைத்துவிடும்.